வெளுத்தால் திரும்பணும்

மழை பெய்தால் மட்டும்தான் போவோம், வெயில் வந்தால் பாதி வழியில் இறங்கித் திரும்பிவிடுவோம் என்று யாராவது ட்ரிப் போடுவார்களா? நீங்கள் போடுவீர்களா, அதுவும் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு?

எங்கள் அத்தை போட்டார். ஒரு தடவை இல்லை, நாலு தடவை.

போன வாரம் என் அக்கா ஒரு வாய்ஸ் அனுப்பியிருந்தாள். “லீவுல புள்ளைகள கூட்டிக்கிட்டு எங்கயாச்சும் ஒரு நாள் போயிட்டு வருவோம்டி. செலவு கூடாம ஒரு பிளான் போடு. நீதான கெம்பஸ் முடிச்சவ.” கெம்பஸில் இதற்கு ஒரு பாடமும் இருக்கவில்லை. போனில் தேடினேன். எல்லாரும் ஒரே அறிவுரையைத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். காலையில் வானிலையைப் பாருங்கள், மழை என்றால் வேறு நாளுக்கு மாற்றுங்கள், காரில் எப்போதும் ஒரு குடை இருக்கட்டும். போனைத் தூக்கி மெத்தையில் எறிந்தேன். வேறு நாளாம், காராம். அத்தையின் ஞாபகம் வந்துவிட்டது. வந்தால் கடுப்பும் கூடவே வரும். அதனால்தான் இதை எழுதுகிறேன். அவருடைய பெயரை மட்டும் எழுத மாட்டேன். நான் அவருக்குச் செய்த வேலைக்கு அந்த மரியாதையாவது கொடுக்க வேண்டும்.

எங்களுடையது ருவான்வெல்லைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். ரப்பர் மரத்தின் பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டினாலும் பால் வெட்டிய கோட்டில் நிற்காமல் வழிந்து, மழைத் தண்ணீரோடு சேர்ந்து நாசமாகிவிடும். ஆகவே விடியற்காலை மழை என்றால் வேலை இல்லை. வெயில் என்றால் வேலை. வாரத்தில் மூன்று நாள் மழையில் போய்விட்டால், ஞாயிற்றுக்கிழமை வெளுத்தவுடன் அன்றைக்கும் கைக்காசுக்கு, அன்றே கையில் தரும் கூலிக்கு, வெட்டு. உலகத்தில் எல்லாருக்கும் வெயில் வந்தால் லீவு நாள் மாதிரி இருக்கும், எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், அது நேர் எதிர். வெளியே ஊற்றுகிற நாளில்தான் அம்மாமார் வீட்டில் இருப்பார்கள்.

அத்தை என் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. எங்களுக்கு அடுத்த காம்பராவில், அடுத்த அறையில், இருந்தார். பால் வெட்டுகிறவர். மாமா கொழும்பில் ஏதோ ஒரு ஸ்டோரில் மூட்டை தூக்கினார். தீபாவளிக்கு வருவார், சில தீபாவளிக்கு வரமாட்டார். பிள்ளைகள் இரண்டு பேர். திவ்யாவுக்கு ஆறு வயது, ரொஷானுக்கு நாலு. எனக்கு அப்போது பதினொன்று.

அந்தப் பிள்ளைகளை ஒரு முழு நாள், காலையில் போய்ப் பொழுது சாயத் திரும்புகிற ஒரு முழு நாள், எங்காவது கூட்டிப் போக வேண்டும் என்பதுதான் அத்தையின் வெறி. வேறு ஆசை எதையும் அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. நகை வேண்டும் என்றோ டிவி வேண்டும் என்றோ சொன்னதில்லை. போகிற இடத்தையும் அவரே கண்டுபிடித்திருந்தார். ரம்புக்கனையில் ரயில் ஏறினால் கடுகண்ணாவ வரைக்கும் மலையைக் குடைந்த குகை குகையாக வரும். மூன்றாம் வகுப்பு டிக்கெட்டுதான் செலவு. உள்ளே போக டிக்கெட் இல்லை, பார்க்க டிக்கெட் இல்லை, காவல்காரன் இல்லை. கடுகண்ணாவ ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து கொண்டுபோன ரொட்டியைத் தின்றுவிட்டு அடுத்த ரயிலில் மலை இறங்கிவிடலாம். இப்போது யோசித்தால், நான் போனில் தேடிய எந்தப் பிளானும் இதற்குக் கிட்டே வராது.

பிளான் போடுவதில் அத்தையை அடிக்க ஆள் கிடையாது. வாந்தி எடுக்கிற ரொஷானுக்கு டிரைவருக்குப் பின்னால் ஜன்னல் சீட். அதற்காக நடுவழியில் ஏறாமல் பஸ் புறப்படுகிற இடத்துக்கே நடந்து போய் ஏற வேண்டும். காலையில் அரை ரொட்டிக்கு மேல் கிடையாது. தேத்தண்ணி கிடையவே கிடையாது. ஒரு பையில் இரண்டு ஜங்கி, ஒரு பழைய துவாய், இஞ்சித் துண்டு, மூன்று ஷொப்பிங் பேக். ஷொப்பிங் பேக் எதற்கு என்று ரொஷானைக் கேளுங்கள். கடைப் பக்கம் திரும்பினால் ஏதாவது கேட்பார்கள் என்று ஸ்டாண்டில் கடை இல்லாத பக்கமாகப் பார்த்து நிற்கவைப்பார்.

பிள்ளைகளைப் பிடித்துக்கொள்ள நானும் கூடப் போவேன். புறப்படும் முன்னால் இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில், எங்கள் மூன்று பேரையும் வரிசையாக நிறுத்திப் பெரட்டு எடுப்பார். பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் ஆளைக் கூட்டிப் பேர் எழுதுவது. ஒரு நாள் வேலை செய்தால் ஒரு பேர். அரை நாள் என்றால் அரைப் பேர்.

“திவ்யா?”

“வந்திருக்கேன்!”

“ஒண்ணுக்குப் போனியா?”

“போனேன்.”

“முழுப் பேர். ரொஷானு?”

“எனக்கு வரல.”

“வரலன்னா சும்மா போய் ஒக்காந்துட்டு வா. அது வரைக்கும் அரைப் பேர்.”

“அம்மா, அரைப் பேருக்கு ரயிலு காட்டுவாங்களா?”

“ஒரு பக்கத்து ஜன்னல் மட்டும் காட்டுவாங்க. ஓடு!”

ஓடுவான். நானும் சிரித்துக்கொண்டே நின்றிருக்கிறேன். அந்த நேரத்தில் அத்தையை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பத்து நிமிஷம் கழித்துத்தான் பிரச்சினை ஆரம்பிக்கும்.

பிரச்சினை அவருடைய கழுத்து. ரோட்டில் கால் வைத்தவுடன் அது மேலே திரும்பிவிடும். பஸ்ஸில் ஏறினால் ரொஷானின் தலைக்கு மேலாக எட்டி வானத்தைப் பார்ப்பார். பாதி பேச்சில் பார்ப்பார். ஒரு தடவை கோயில் திருவிழாவில் சாமி வெளியே வருகிறது, சனம் எல்லாம் கும்பிடுகிறது, அத்தை சாமிக்கு மேலே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஏனென்றால் காலையில் “இன்னைக்கு வெட்டு இல்ல” என்று கங்காணி சொன்னாலும், ஒன்பது மணிக்குள் வெளுத்து மரம் காய்ந்துவிட்டால் மறு பெரட்டு போடுவார்கள். அதற்கு வந்தவருக்குப் பேர் உண்டு. வராதவருக்கு அந்த நாள் போனதுதான். அதனால்தான் மற்ற அம்மாமார் மழை நாளில் வீட்டிலேயே காத்துக்கொண்டிருந்தார்கள். அத்தைக்கு மட்டும் இரண்டுமே வேண்டும். ட்ரிப்பும் போக வேண்டும், பேரும் போகக் கூடாது.

முதல் தடவை கரவனெல்ல பாலத்தோடு முடிந்தது. வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஆற்றுக்கு மேலே மேகம் கிழிந்து ஒரு கீற்று வெயில் விழுந்தது. அத்தை ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

“வெளுக்குது.”

அவ்வளவுதான். பெல் அடித்தார், இறங்கினோம். இறங்கிய இடத்தில் ரொஷான் தரையில் உட்கார்ந்துவிட்டான். “ரயிலு எங்க? ரயிலு எங்க?” என்று அலறினான். அத்தை அவனைச் சமாதானப்படுத்தப் பகல் சாப்பாட்டைப் பாலத்தின் ஓரத்தில் வைத்தே பிரித்தார். காலை எட்டரை மணிக்கு நாங்கள் மதியச் சாப்பாடு சாப்பிட்டோம். ஓடித் திரும்பி வந்தால் மறுபடி தூறல். மறு பெரட்டே போடவில்லை. அத்தை ஈரச் சேலையோடு வாசலில் நின்று வானத்தைப் பார்த்து, “மானங்கெட்ட வானம்” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. லீவு விடும்போதே பள்ளியில் சொல்லிவிட்டு வந்திருந்தேன், ரயிலில் போகிறேன் என்று.

இரண்டாம் தடவை புளத்கொஹுபிட்டிய ஸ்டாண்ட் வரை. பஸ்ஸில் கண்டக்டர் ரொஷானைப் பார்த்து அரை டிக்கெட் கேட்டான். அத்தைக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு.

“மல்லி, லமயா ஒடொக்குவே!” பிள்ளை மடியில்தானே இருக்கிறது தம்பி என்று.

“அக்கே, லமயாகே ககுல் தெக்க பிம!” பிள்ளையின் கால் இரண்டும் தரையில் இருக்கிறது அக்கா என்று அவன்.

அத்தை ரொஷானின் காலை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டார். பஸ் முழுக்கச் சிரித்தது, கண்டக்டரும் சிரித்துவிட்டான், டிக்கெட் இல்லை. ஜெயித்த சந்தோஷத்தில் அத்தை வானம் பார்க்க மறந்து ஒரு கால் மணி நேரம் வந்தார். ஸ்டாண்டில் இறங்கியபோது நடுமுதுகில் சுள்ளென்று வெயில். எதிர்ப்பக்க பஸ்ஸைப் பிடித்து, அதற்கு டிக்கெட்டும் எடுத்து, ஓடி வந்து சேர்ந்தபோது மறு பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் போய்விட்டார்கள்.

கங்காணி கேட்டார், “என்னா தங்கச்சி, ட்ரிப்பு எப்புடி?”

“நல்லா இருந்துச்சிங்க. ஸ்டாண்டெல்லாம் பாத்தோம்.”

“யானை பாத்தீங்களா?” ரம்புக்கனைப் பக்கம் ஒரு யானைக் காப்பகம் இருக்கிறது.

“ஒங்களதான் பாக்குறோமே, அது போதும்.”

அங்கே நின்ற ஆட்கள் எல்லாம் சிரித்தார்கள். கங்காணி சிரிக்கவில்லை.

அன்று மாலை அம்மாவுக்கும் அத்தைக்கும் சண்டை. அம்மாவும் பால் வெட்டுகிறவர்தான். “ஏன் புள்ள இந்தக் கூத்து? ஒரு நாள் பேர் போனா போவுதுன்னு போயிட்டு வந்துரேன்” என்றார்.

“நீங்க சொல்லுவீங்க அண்ணி. ஒங்க வூட்டுல ரெண்டு பேரு வெட்டுறீங்க.”

“அப்ப போகாம இரு.”

“இருந்தா இதுக வளந்துருங்களே!”

இதுதான் அத்தை. போகிறேன் என்றாலும் முழுசாகப் போகமாட்டார், போகவில்லை என்று விட்டுவிடவும் மாட்டார். பதினொரு வயதில் எனக்கு அந்த இரண்டில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தெரியாத பெரியவர் மீது பயங்கரக் கோபம். இருபத்தைந்து வயதில் அந்தக் கோபம் கொஞ்சம் இடம் மாறியிருக்கிறது. குறையவில்லை.

மூன்றாம் தடவை கேகாலை ஸ்டாண்ட் வரை போனோம். அதற்குப் பிறகு ஒரே ஒரு பஸ்தான், அரை மணி நேரத்தில் ரம்புக்கனை. “வெளுக்குது.” திரும்பினோம். அந்தத் தடவை யாரும் அழவில்லை. அதுதான் மோசம். அழுது பிரயோசனமில்லை என்று நாலு வயதுப் பிள்ளைக்கே தெரிந்துவிட்டது. திவ்யாவின் டீச்சர், லீவில் போன இடத்தைப் படம் வரையச் சொன்னபோது அவள் ஒரு பஸ் ஸ்டாண்டை வரைந்தாள். நன்றாகவே வரைந்தாள். குப்பைத் தொட்டி, டிக்கெட் கிழிக்கிற ஆள் எல்லாம் இருந்தது. லயத்துப் பிள்ளைகள் ரொஷானைப் பார்த்தால் “டேய், இன்னைக்கு எந்த ஸ்டாண்டு?” என்பார்கள்.

அந்த வருஷக் கடைசியில் ஒரு செய்தி வந்தது. மரங்களுக்கெல்லாம் பாவாடை கட்டப் போகிறார்கள். வெட்டுகிற இடத்துக்கு மேலே மரத்தைச் சுற்றிப் பொலித்தீனை ஒட்டிவிட்டால் பட்டை நனையாது, மழையிலும் பால் வெட்டலாம். ஜனவரியில் எங்கள் மலைக்கு வரும் என்றார்கள். எல்லாருக்கும் சந்தோஷம், பேர் கூடுமே. அத்தையும் சந்தோஷம் என்றுதான் சொன்னார். ஆனால் அன்று பின்னேரம் என்னைப் பிடித்து, “ஷாலு, இந்த லீவுல எப்புடியும் குகைக்குள்ள பூந்துரணும்டி. இனிமே மழ நாளும் நமக்கு இல்ல” என்றார்.

டிசம்பரில் ஒரு நாள் விடியற்காலை நல்ல மழை. ஏழு மணிக்குக் கங்காணி “இன்னைக்கு வெட்டு இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தை பெரட்டு எடுத்தார். மூன்று பேருக்கும் முழுப் பேர். அத்தையிடம் ஒரு பட்டன் போன் இருந்தது. மறு பெரட்டு போட்டால் அம்மா அதற்குக் கூப்பிட்டுச் சொல்வதாக ஏற்பாடு. ஒரு கையில் ரொஷான், ஒரு கையில் பை, ஆகவே போன் என்னிடம்.

கேகாலை ஸ்டாண்டில் ரம்புக்கனை பஸ் புறப்படத் தயாராக நின்றது. திவ்யாவும் ரொஷானும் ஏறிவிட்டார்கள். அத்தை மிதிபலகையில் ஒரு காலை வைத்தார். வைத்த கால் அப்படியே நின்றது. கழுத்து மேலே போயிற்று. தார் ரோடு முழுக்க வெயில் மின்னியது.

“வெளுக்குது” என்றார். ஆனால் இந்தத் தடவை இறங்கவில்லை. “அங்கயும் வெளுத்திருக்குமாடி?”

அப்போது என் கையில் போன் அடித்தது. நான் இரண்டு அடி தள்ளிப் போய் எடுத்தேன்.

“ஏய் ஷாலு, இங்க வெளுத்துருச்சு. மறு பெரட்டு போடுறாங்க” என்று அம்மா கத்தினார். “இன்னைக்கு தொரயும் வந்து நிக்கிறாரு. வராதவங்க பேர தனியா எழுதுறாங்களாம். அத்தைய ஒடனே வரச் சொல்லு. வெளங்குதா?”

“ம்.”

“சொல்லுவியா?”

“சொல்றேன்.”

அத்தை மிதிபலகையிலிருந்தே கேட்டார். “யாருடி?”

“அம்மா.”

“என்னாவாம்?”

பஸ் ஜன்னலில் ரொஷானின் முகம் தெரிந்தது. அவன் ஏற்கனவே இறங்குவதற்காகச் சீட்டை விட்டு எழுந்து நின்றிருந்தான்.

“ரொட்டி சாப்புட்டீங்களான்னு கேக்குது.”

“அங்க மழையாமா?”

“மழையாம். ஊத்துதாம்.”

அத்தையின் முகம் மலர்ந்த விதத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை. “அப்ப ஏறு, ஏறு, ஏறு!” என்று என் முதுகில் கையை வைத்துத் தள்ளினார். நான் ஏறியவுடன் செய்த முதல் வேலை, போனை ஓஃப் பண்ணியது.

ரம்புக்கனையில் ரயில் ஏறினோம். மலை ஏறுகிற பக்கம் ஜன்னல் சீட் கிடைத்தது. அத்தை உட்கார்ந்தார். வானத்தைப் பார்க்க வேண்டிய தேவை இல்லாமல் ஒரு ஜன்னல் பக்கத்தில் அவர் உட்கார்ந்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான். ரயில் நகர்ந்து ஐந்து நிமிஷம் இருக்காது, தூங்கிவிட்டார். வாய் திறந்து, தலை சீட்டின் இரும்பில் இடித்து இடித்து, அப்படி ஒரு தூக்கம். முதல் குகை வந்தது. பிள்ளைகள் போட்ட கூப்பாட்டில் பெட்டியே அதிர்ந்தது. “அம்மா இருட்டு! அம்மா இருட்டு!” என்று ரொஷான் அவர் கன்னத்தைத் தட்டினான். எழும்பவில்லை. இரண்டாவது குகை, மூன்றாவது குகை. நான் எழுப்பியிருக்கலாம். எழுப்பினால் போனைக் கேட்பாரோ என்று பயம். கடுகண்ணாவ ஸ்டேஷனில் ரயில் நின்ற சத்தத்தில்தான் கண்ணைத் திறந்தார். “முடிஞ்சுதா?” என்றார்.

பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டோம். சரியாக மதியம் பன்னிரண்டரைக்கு மதியச் சாப்பாடு. குகை பதினொன்று என்றாள் திவ்யா. ஒன்பது என்றான் ரொஷான். ஒன்பதுக்கு மேல் அவனுக்கு எண்ணத் தெரியாது. அத்தை அவர்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே மென்றார். திரும்புகிற ரயிலில் கால் வைக்க இடமில்லை. ரொஷானை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆட்களின் முதுகுக்கு நடுவே நின்றுகொண்டே மலை இறங்கினார்.

நாங்கள் தோட்டத்துக்கு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அந்த ஒரு விஷயம் மட்டும் பிளான் போட்டபடியே நடந்தது. லயத்து முனையில் கங்காணி நின்றார். பக்கத்தில் அம்மா.

“என்னா தங்கச்சி, பெரட்டுக்கு வரலயே?”

“மழன்னாங்களே?”

“காலையில ஒம்போது மணிக்கே வெளுத்தாச்சு. ஒன்னய மட்டும்தான் காணோம். தொர கேட்டாரு, என்னா சொல்ல நான்? ஒன்னோட மலைய வேற ஆளுக்குக் குடுத்தாச்சு. நாளைலேருந்து நீ புல்லு வெட்ட மேமலைக்குப் போ.”

அவரவருக்கு வெட்ட ஒதுக்கிய மரங்களைத்தான் மலை என்பார்கள். அத்தையின் மலை லயத்துக்குப் பின்னாலேயே இருந்தது. பாலைக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு ஒரு மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பார். வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவிலிருந்து ரொஷானைத் தூக்கி வந்து, திவ்யாவையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் பீலித் தண்ணீரில் குளிப்பார்கள். புல்லு வெட்டு அப்படி இல்லை. மேமலைக்கு ஏறவே முக்கால் மணி நேரம். இறங்கி வர ஐந்து மணியாகும். ஒரு முழு நாளுக்கு விலையாக அந்தப் பின்னேரங்கள் எல்லாமே போயிற்று. அதை விற்றது நான்.

அம்மா என்னைப் பார்த்தார். “நான் போன் எடுத்தேனே. இவகிட்ட சொன்னேனே. ஏன்டி...”

அத்தை என் கையிலிருந்த போனைப் பார்த்தார். அது ஓஃபில் இருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு ஒரு வருஷம்.

“சிக்னல் இல்ல அண்ணி” என்றார். “அந்தப் பக்கம் வெட்டி வெட்டித்தான் கேக்கும். புள்ளைக்கு வெளங்கியிருக்காது.”

அவ்வளவுதான். அடிக்கவில்லை, திட்டவில்லை. போனை மட்டும் என் கையிலிருந்து எடுத்துக்கொண்டார். அதன் பிறகு ஒரு நாளும் அதை என்னிடம் தரவில்லை. “சார்ஜ் இல்ல” என்பார். நான் கேம் விளையாடக் கேட்டாலும் “சார்ஜ் இல்ல.”

ஜனவரியில் மரங்களுக்குப் பாவாடை வந்தது. மழையிலும் வெட்டினார்கள். புல்லு வெட்டும் மழையில் நடந்தது, ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசுக்கு நடந்தது. இனி எந்த நாளிலும் ட்ரிப் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ரொஷான் தானாகவே இஸ்தோப்பில் வரிசையில் நின்று, “அம்மா, பேர் போடு” என்று விளையாடினான். அத்தை மேமலையிலிருந்து வந்த களைப்போடு திண்டில் உட்கார்ந்து பேர் போட்டார். திவ்யாவுக்கு முழுப் பேர். ரொஷானுக்கு முழுப் பேர். நான் ஓரமாக நின்றேன்.

“ஷாலுவுக்கு?” என்று ரொஷான் கேட்டான்.

அத்தை கொஞ்சம் யோசித்தார். “அரைப் பேர்” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் வீட்டுக்குள் போய் மூஞ்சியைக் கழுவிக்கொண்டேன்.

கெம்பஸுக்குத் தெரிவான செய்தி வந்த அன்று, இதைச் சொல்லி முடித்துவிட வேண்டும் என்று அத்தையிடம் போனேன். காலில் அட்டைக்கடிக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

“அத்த, அன்னைக்கு கேகாலையில அம்மா போன் எடுத்துச்சில்ல?”

“சிக்னல் இல்லன்னு அன்னைக்கே சொல்லிட்டேன்ல.”

“இல்ல அத்த, சிக்னல்...”

“ஷாலு.” சுண்ணாம்பு விரல் நின்றது. “சிக்னல் இல்ல.”

மன்னிக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். நாசமாய்ப் போடி என்று சொல்லியிருந்தால் இன்னும் நல்லது. அவர் இரண்டையும் சொல்லவில்லை. அன்றைக்கும் இன்றைக்கும் எனக்கு அத்தையிடம் தாங்க முடியாத குணம் அதுதான். எதையும் முழுசாகப் போய் முடிக்காமல் பாதியில் திருப்பிவிடுவது.

பிறகு அவரே கேட்டார்.

“குகைக்குள்ள போறப்ப ரொஷானு பயந்தானாடி?”

“மொத குகையில பயந்தான். ஒங்க கன்னத்துல தட்டுனான்.”

“தட்டுனானா?”

“அம்மா இருட்டு, அம்மா இருட்டுன்னு.”

“எனக்குத் தெரியாதே.” விரலைச் சேலையில் துடைத்தார். “சொல்லு. மொதல்லேருந்து சொல்லு. ரயிலு எடுத்ததுலேருந்து.”

சொன்னேன். எந்தப் பக்கம் பள்ளம் தெரிந்தது, எந்தக் குகையில் தண்ணீர் ஜன்னல் வழியாகத் தெறித்தது, திவ்யா யாருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டாள், ஒரு ஐயா ரொஷானுக்கு வேர்க்கடலை கொடுத்தார், அவன் வாங்கும் முன்னால் உங்களைத் திரும்பிப் பார்த்தான், நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். ஞாபகம் இல்லாததையும் சேர்த்துச் சொன்னேன். அத்தை ஒரு தடவைகூட வாசல் பக்கம் கழுத்தைத் திருப்பவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார்.

நேற்று முன்தினம் அத்தைக்குப் போன் போட்டேன். அக்காவின் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் ரம்புக்கனைக்கே போவோம், நீங்களும் வாருங்கள், இந்தத் தடவை நான் தூங்க விடமாட்டேன் என்றேன். இன்னும் புல்லு வெட்டுகிறார். மூட்டு வலி. ஆனால் குரலில் பழைய பிளான் வந்துவிட்டது. யாருக்கு வாந்தி வரும், எத்தனை ஷொப்பிங் பேக், ரொட்டியா சோறா என்று கேட்டுக்கொண்டே போனார். பிறகு நிறுத்தினார்.

“ரொஷான் வந்தா வாறேன்டி. அவன் இல்லாம நான் மட்டும் போயி என்னாத்த பாக்க? அவன்கிட்ட கேளு.”

ரொஷானுக்கு இப்போது பதினெட்டு. கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நிற்கிறான். உடனே அவனைக் கூப்பிட்டேன். பின்னால் யாரோ அவனைக் கத்திக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“எப்ப அக்கா?”

“ஒனக்கு லீவு என்னைக்கு?”

“பௌர்ணமிப் போயாவுக்கு அர நாள் தருவாங்க.”

“ஞாயித்துக்கெழம?”

“அன்னைக்கும் கட தொறக்குறாங்க அக்கா.”

இன்று ஞாயிற்றுக்கிழமை. மணி பதினொன்றரை. அவன் கடையில் நிற்கிறான்.